கடைசி இரண்டு இலக்கம்

நம்ம வகுப்பு வாட்ஸப் குரூப்பில், இறந்துபோன கணக்கு சார் படத்துக்கு மாலை போட்டு நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படித்தேன். தங்கமான மனுஷன், அவர் இல்லையென்றால் எனக்குக் கணக்கே வந்திருக்காது, அவர் பிரம்புதான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். நானும் கைகூப்புகிற பொம்மை ஒன்றைப் போட்டேன். அதற்குக் கீழே ஒருத்தர், 'மீதியை ஞாபகம் இருக்கா?' என்று கேட்டார். உடனே ஏழெட்டுப் பேர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மையைப் போட்டீர்கள். ஐம்பத்தைந்து வயதாகிறது நமக்கு. பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முட்டிவலி. சிரிப்பு மட்டும் இன்னும் ஒன்பதாம் வகுப்பிலேயே இருக்கிறது.

ஞாபகம் இருக்கிறதா என்றா கேட்கிறீர்கள்? உங்கள் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். படித்து முடித்துவிட்டு என்னைக் குரூப்பிலிருந்து தூக்கினாலும் தூக்குங்கள்.

அந்த வருடம் பொங்கல் கழிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சிப்காட்டில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரும்புக் கம்பி உருட்டுகிற மில். அதன் புகைபோக்கியிலிருந்து கருந்தூள் இறங்கி வெள்ளைச் சட்டைக் காலரில் உட்காரும். தட்டினால் போகாது, ஊதினால்தான் போகும். மதியம் இரண்டு மணிக்கு மில் சங்கு ஊதும்போது சார் பேசுவதை நிறுத்திவிட்டு, அது முடிகிறவரை சாக்பீஸை உருட்டிக்கொண்டு நிற்பார். ஊதி முடித்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். அவ்வளவு கறார்.

மீதி என்று சிரித்தீர்களே, அவள் அப்பா அந்த மில்லில்தான் வேலை செய்தார். அதற்கு முன்னால் எங்கள் கழனியில் வேலை செய்தார். கழனியில் பாதியைக் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்ட பிறகு, அங்கே நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கம்பெனி கேட்டுக்குப் போய் நின்றார்கள். அவரும் போனார். இதை ஏன் சொல்கிறேனென்றால், காலாண்டு ரேங்க் அட்டையைப் பார்த்துவிட்டு என் அம்மா கேட்ட கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை.

"நம்ம கழனில நாத்து புடுங்கினவன் பொண்ணு கணக்குல ஃபஸ்ட்டு. நீ செகண்டா? இத்த எடுத்துக்கினு எந்த மூஞ்சிய வெச்சினுடி ஊட்டுக்கு வந்த?"

அரையாண்டிலும் அவள்தான் முதல். நூற்றுக்கு நூறு. நான் வகுப்பு லீடர், எனக்குத் தொண்ணூற்று நான்கு. அம்மா அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு போடும்போது தட்டைப் பார்த்துத்தான் பேசினாள்.

பொங்கல் லீவு முடிந்த முதல் வாரம், மேலதிகாரி பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்தார். நமக்கு அப்போது கணக்கு பீரியட். சார் புதுச் சட்டை போட்டிருந்தார். பகா எண் என்றால் என்ன, தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் என்று நம்மையெல்லாம் கோரஸாகச் சொல்ல வைத்தார். பிறகு போர்டில் வரிசையாகப் பகா எண்களை எழுதினார். அந்த வேகத்தில் எண்பத்தொன்பதுக்குப் பக்கத்தில் தொண்ணூற்றொன்றையும் எழுதிவிட்டார்.

பெண்கள் வரிசையில் மூன்றாவது பெஞ்சிலிருந்து அவள் கை உயர்ந்தது. "சார், தொண்ணூத்தொண்ணு ஏழால போவும் சார். ஏழு பதிமூணு."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அவளைக் கூப்பிட்டுத் தலையில் தட்டிக்கொடுத்தார். "பொண்ணு உங்கள விட உஷாரா இருக்காளே சார்" என்றார். சாரும் சிரித்தார். நான் முதல் பெஞ்ச். அவர் கழுத்து சிவந்ததைக் கிட்டத்திலிருந்து பார்த்தவள் நான்தான்.

மறுநாள் சார் உள்ளே வந்ததும் போர்டின் வலது மூலையில் ஓர் எண்ணை எழுதினார். 4294967297. நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. ஒன்றை முப்பத்திரண்டு முறை இரட்டித்து, கடைசியில் ஒன்று சேர்த்தால் இது வரும் என்றார். இதே தினுசில் முன்னால் ஐந்து எண்கள் உண்டு, மூன்று, ஐந்து, பதினேழு, இருநூற்று ஐம்பத்தேழு, அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தேழு. அந்த ஐந்தும் பகா எண். இதுவும் அப்படித்தான் என்று ஒரு பெரிய மேதையே நம்பினாராம். கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து இன்னொருவர் இதை உடைத்துக் காட்டினாராம். சார் நன்றாகத்தான் சொன்னார். பொய் சொல்லக்கூடாது, எனக்குக் கணக்குமேல் ஆசை வந்ததே அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

அப்புறம் அவள் பக்கம் திரும்பினார். "ஏழால போவும்னு நேத்து கைய நீட்டினியே. இது எதால போவும்? ஆயிரத்துக்குள்ள ஒரு நம்பரால போவும். கண்டுபுடி. புடிச்சிக்கினு உள்ள வா. அதுவரைக்கும் என் பீரியட்ல நீ வெளிய. கண்டுபுடிக்காம முழுப் பரீட்ச ஹாலுக்குள்ளயும் கால வெக்காத."

"சரி சார்" என்றாள். கொஞ்சமும் பயமில்லை அவளுக்கு. கணக்குதானே என்று நினைத்திருப்பாள்.

அவள் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சார் என்னைப் பார்த்து, "லீடர், அந்த நம்பர ஒரு சீட்டுல எழுதி அவகிட்ட குடு. டெய்லி அவ போடறத வாங்கி ஒம்பது தள்ளிப் பாத்து எனக்குச் சொல்லணும்" என்றார். சொல்லிக்கொண்டே டஸ்டரை எடுத்தார். நான் அவசர அவசரமாக என் நோட்டில் ஒரு தடவை எழுதினேன், சீட்டில் ஒரு தடவை எழுதினேன். நோட்டில் சரியாக எழுதினேன். சீட்டில் கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறிப்போனது. 97 என்பதற்கு 79. வேண்டுமென்று செய்யவில்லை. அந்த ஒன்றை மட்டும் நீங்கள் நம்பலாம்.

சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு சிமெண்டு மூடி இருந்தது அல்லவா? அதன்மேல்தான் அவள் உட்கார்ந்தாள். நோட்டில் மிச்சமிருந்த பக்கங்கள் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டன. அவள் அப்பா கம்பெனி ஆபீஸில் கேட்டு, தப்பாக அச்சான கேட் பாஸ் தாள்களைக் கட்டாக வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் லாரி எண், எடை, ஓட்டுநர் கையெழுத்து என்று கட்டங்கள். மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில் மேலே பத்து இலக்கம், இடதுபக்கம் வகுக்கிற பகா எண், கீழே படிப்படியாகக் கழித்தல். கருந்தூளை ஊதிவிட்டு எழுதுவாள். முடிந்த தாள்களை நீல நிறப் பேக்கிங் பட்டையால் கட்டி வைத்திருந்தாள்.

ஒன்பது தள்ளிப் பார்ப்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சார் நமக்குச் சாமி மாதிரி கும்பிடக் கற்றுக்கொடுத்த சோதனை அது. எண்ணின் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் ஒற்றை இலக்கமாக்க வேண்டும். நம்முடைய எண்ணைக் கூட்டினால் 59, அதைக் கூட்டினால் 14, அதைக் கூட்டினால் 5. ஈவையும் வகுத்த எண்ணையும் அதேபோல் சுருக்கிப் பெருக்கி, மீதியைச் சேர்த்தால் திரும்ப 5 வர வேண்டும். வந்தால் கணக்கு சரி. வராவிட்டால் பிரம்பு. அதற்குமேல் நம் வகுப்பில் யாரும் எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை, சார் உள்பட.

இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறுமா? மாறாது. அவள் போட்ட ஒவ்வொரு தாளிலும் எனக்கு ஐந்து வந்தது.

மூன்றாம் நாள் எனக்கு ஓர் ஆசை. அவளுக்கு முன்னால் நானே கண்டுபிடித்துவிட்டால் என்ன என்று வீட்டில் உட்கார்ந்து போட ஆரம்பித்தேன். இருபத்து மூன்றால் வகுத்தேன். எனக்கு மீதி பதின்மூன்று. அவள் தாளில் மீதி பதினெட்டு. ஒன்பது தள்ளிப் பார்த்தால் இரண்டும் சரி. இரண்டு பேரும் சரியாகப் போட்டு எப்படி இரண்டு விடை வரும்? தலையைப் பிய்த்துக்கொண்டேன். அப்புறம்தான் மேல்வரியைப் பார்த்தேன். என் நோட்டில் 97. அவள் தாளில் 79.

அங்கேயே, அந்த நிமிடமே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது கணக்குத்தான் வீணாகியிருந்தது. சார் பிரம்பால் இரண்டு போட்டிருப்பார், அவ்வளவுதான். முதலில் அந்தப் பிரம்புக்குத்தான் பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். மறுநாள் கணக்கு டெஸ்ட் நோட்டு கொடுத்தார்கள். அவள் வெளியே இருந்ததால் டெஸ்ட் எழுதவில்லை. நான் முதல். அம்மா நெய் ஊற்றிச் சோறு போட்டாள்.

அதற்குப் பிறகு பயமில்லை. ருசி வந்துவிட்டது. அதுதான் உண்மை.

வீட்டில் நான் போட்டதும் அறுபத்தேழோடு நின்றுபோனது. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அவளுக்கு இருந்தது. ஒரு பீரியடுக்கு இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே போனாள். பங்குனி வெயிலில் சிமெண்டு மூடி கொதிக்கும். கேட் பாஸ் கட்டோடு வந்த அட்டையைக் கீழே போட்டு உட்காருவாள். நாம் என்ன செய்தோம்? ஜன்னல் வழியாகக் கடித்து மிஞ்சிய கொய்யாக்காயை எறிந்தோம். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அவளைச் சுற்றி நின்று, "மீதி இன்னாடி? மீதி இன்னா?" என்று கேட்டோம். முதலில் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். "நூத்தி நாலு", "இருவது" என்று. நாம் கைகொட்டிச் சிரிப்போம். ஒரு வாரத்தில் அதுவே பெயராகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் இருந்த அவள் பெயர் என்ன என்பது இன்றைக்கு உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தினமும் சாயங்காலம் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "இன்னும் வரல சார்" என்பேன். "ஒம்பது தள்ளிப் பாத்தியா?" "பாத்தேன் சார், எல்லாம் சரி." "வரும், வரும்" என்பார். அவருக்கு அவள் எங்கே முடிப்பாள் என்று தெரியும். அவர் கணக்குப்படி அவள் பங்குனி பாதியில் உள்ளே வந்திருக்க வேண்டும். கொடுமைக்காரர்தான், ஆனால் அவர் கொடுமைக்கு ஒரு முடிவு வைத்திருந்தார். அந்த முடிவை எடுத்துவிட்டவள் நான்.

ஆயிரத்துக்குள் இருக்கிற பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டு. அவற்றை அவளே வடிகட்டி எடுத்து ஒரு தாளில் வரிசையாக எழுதி, முடிக்க முடிக்க அடித்துக்கொண்டு வந்தாள். கடைசி எண் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது அதையும் அடித்தாள். எதிலும் மீதி பூஜ்யம் வரவில்லை.

அன்றைக்கு நான் தாள் வாங்கப் போனபோது அவள் அந்தச் சீட்டை எடுத்தாள். என் கையெழுத்துச் சீட்டு. வேர்வையில் ஓரம் கிழிந்து, அதைச் சோற்றுப் பருக்கை வைத்து இன்னொரு தாளில் ஒட்டி வைத்திருந்தாள்.

"ஏய், இந்த நம்பரு சரியாத்தான எழுதிக் குடுத்த? இன்னொரு வாட்டி பாத்து சொல்லுடி. ஃபெயிலானா இறால் கம்பெனிக்கி அனுப்பிடுவேன்னு எங்க நைனா சொல்லிட்டாரு. அக்காவையும் அப்டித்தான் அனுப்பினாரு. வெரலு எல்லாம் வெடிச்சி அதால பேனாகூட புடிக்க முடியல."

சீட்டைக் கையில் வாங்கினேன். பார்த்தேன். கடைசியில் ஏழு, ஒன்பது. என் எழுத்து.

"சரியாத்தான் கீது" என்றேன். "நீ எங்கியோ தப்பு பண்ணிக்கினு என்னக் கேக்கறியா?"

"இல்லடி, கேட்டேன்" என்றாள். சீட்டைத் திரும்பவும் கட்டின்மேல் வைத்து நீலப் பட்டையை இழுத்து மாட்டினாள். சார் சொன்னபடி ஒன்றை முப்பத்திரண்டு முறை இரட்டித்துப் பார்த்திருந்தாலே அவளுக்குத் தெரிந்திருக்கும், என் சொல்லே போதும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் அவளே கட்டோடு வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "சார், ஆயிரத்துக்குள்ள எதாலயும் போவல சார். நான் ரெண்டு ரெண்டு வாட்டி போட்டுப் பாத்தேன். இது ஒடையாத நம்பரு சார்."

சார் சிரிக்கவில்லை. கட்டை வாங்கி, பட்டையை உருவி எறிந்துவிட்டு நேராக ஒரு தாளைத் தேடி எடுத்தார். 641 போட்ட தாள். அதில் ஈவு 6700416, மீதி 623.

"அறுநூத்தி இருவத்தி மூணா? இங்க பூஜ்யம் வரணும். அறுநூத்தி நாப்பத்தொண்ணால போவும் இது. உலகத்துக்கே தெரியும்."

சாக்பீஸை எடுத்து அந்தத் தாளுக்கு ஒன்பது தள்ளிப் பார்த்தார். 641 சுருக்கினால் 2. ஈவு சுருக்கினால் 6. பெருக்கினால் 12, அது 3. மீதி 623 சுருக்கினால் 2. மூன்றும் இரண்டும் ஐந்து. போர்டில் ஐந்து வந்து நின்றது. சார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் அவர் ஒரே ஒரு தடவை மேல்வரியைப் படித்திருந்தால் போதும். படிக்கவில்லை. ஒன்பது தள்ளி ஐந்து வந்த பிறகு மேல்வரியைப் படிக்கிற பழக்கம் அவருக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

"ஓ" என்றார். "ஒம்பது தள்ளிப் பாத்தா சரியா வர மாதிரி மீதியச் சோடிச்சிக் கீற. வகுக்கவே இல்ல. எல்லாத்தையும் உக்காந்துக்கினு சோடிச்சிக் கீற. நூத்தி அறுவத்தெட்டும் ஃபிராடு. இன்னா தில்லுடி உனுக்கு?"

"இல்ல சார், போட்டேன் சார், இப்பக்கூட போட்டுக் காட்டறேன் சார்."

பிரம்பு எத்தனை விழுந்தது என்று நான் எண்ணவில்லை. நீங்கள் எண்ணினீர்கள், சத்தமாக எண்ணினீர்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தர், "மீதி எத்தினி சார்?" என்று கேட்க, வகுப்பே சிரித்தது. அந்த ஒருத்தர்தான் இப்போது குரூப்பில் முதல் மாலையைப் போட்டவர்.

அவள் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். இரண்டு மணி சங்கு ஊதி ஷிப்டு முடிந்ததும் வந்தார். காலில் கம்பெனி பூட்ஸ், சட்டை முழுக்க நெருப்புப் பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். என்னைப் பார்த்ததும், "சின்னம்மா" என்று கும்பிட்டார். எனக்கு அப்போது பதினாலு வயது.

"உன் பொண்ணு மூணு மாசமா பொய்க்கணக்கு எழுதி ஏமாத்திக்கீறா" என்றார் சார். பிறகு தாளைத் திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தார். "இது இன்னா? கம்பெனி கேட் பாஸா? இவ்ளோ பேப்பரு எப்டி வந்திச்சி? இத்த உங்க மேனேஜரு பாத்தா இன்னா ஆவும்னு தெரியுமா?"

அந்த மனிதர் கையைக் கூப்பினார். ஆபீஸில் கேட்டு வாங்கியது என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை. "சார், வேல போயிடும் சார்" என்றார்.

"நைனா, நான் போட்டது எல்லாம் சரி நைனா. ஒண்ணுகூட சோடிக்கல" என்றாள் அவள்.

"சாரு பொய் சொல்லுவாரா? சாரு பொய் சொல்லுவாராடி?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். வெறுங்கைதான். இரும்பு பிடித்த கை. அவள் கன்னத்தில் கரி விரல்கள் பதிந்திருந்தன. அவள் அழவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம்கூட இல்லை. இவள்தான் தினமும் பார்த்தாளே, இவள் சொல்லுவாள், எல்லாம் சரியாக இருந்தது என்று எழுந்து சொல்லுவாள் என்கிற நம்பிக்கைதான் இருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை.

அவர் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சார் அந்தக் கட்டை என்னிடம் கொடுத்து, பின்பக்கம் கொண்டுபோய்க் கொளுத்தச் சொன்னார். மில் காம்பவுண்டு ஓரம் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் போட்டேன். முதலில் போட்டது என் சீட்டு. அது நன்றாக எரிந்து சாம்பலான பிறகுதான் மற்றதைப் போட்டேன். கட்டின் அடியில் நான் பார்க்காத தாள்கள் இருந்தன. ஆயிரத்து ஒன்பது, ஆயிரத்துப் பதின்மூன்று, ஆயிரத்துப் பத்தொன்பது. ஆயிரத்துக்குள் இல்லையென்றதும் அதைத் தாண்டியும் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். யாரும் கேட்காமலே. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் எரிந்துவிட்டது. பேக்கிங் பட்டை மட்டும் உருகி என் செருப்பில் ஒட்டிக்கொண்டது, நீலமாக. அம்மா அதைக் கத்தியால் சுரண்டி எடுத்தாள்.

அவள் பரீட்சைக்கு வரவில்லை. சித்திரையில் ஒரு நாள் இறால் கம்பெனி வேன் போனது. பின்பக்கம் பெண்கள் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். அவள் தலையில் வலை போட்ட தொப்பி. நம்மில் யாரோ, "மீதீ!" என்று கத்தினோம். யாரோ என்ன யாரோ, நான்தான் கத்தினேன்.

கணக்கில் முதல் மார்க்கோடு பத்தாவது போனேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், நான் கணக்கு டீச்சரானேன். முப்பது வருடமாகப் பகா எண் நடத்துகிறேன். அவளும் இதே ஊரில்தான் இருந்தாள். சந்தையில், ரேஷன் கடையில், ரயில்வே கேட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்க்காத மாதிரி போயிருக்கிறேன். 4294967297-ஐ 641-ஆல் வகுத்தால் 6700417 என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். 79-இல் முடிகிற அந்த மற்ற எண்ணை மட்டும் நான் தொட்டதே இல்லை.

உங்கள் சிரிக்கிற பொம்மைகளைப் பார்த்த அன்று என் மகளிடம் அந்த எண்ணைச் சொல்லி, என்ன என்று பார்க்கச் சொன்னேன். போனில் தட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. "இது பகா எண்ணும்மா. எதாலயும் ஒடையாது" என்றாள். "ஏம்மா, இன்னா ஆச்சு?" நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இன்னொன்றும் சொன்னாள். சார் கொடுத்த எண்ணுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறதாம். அதை வகுக்கக்கூடிய பகா எண் எதுவானாலும் அறுபத்து நான்கால் வகுத்தால் மீதி ஒன்று வர வேண்டுமாம். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தே ஐந்து வகுத்தல். சாருக்கு அது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் பைபாஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அவள் அங்கே ஷிப்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். ஏதோ கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை, சாம்பல் நிறக் கோட்டு. தலை முழுக்க நரைத்துவிட்டது.

"இன்னா டீச்சரம்மா" என்றாள். "இன்னிக்கிதான் நான் கண்ணுக்குத் தெரிஞ்சேனா?"

சொன்னேன். சுற்றி வளைக்காமல், வரிசையாக. சீட்டில் மாறிப்போனது, மூன்றாம் நாளே நான் பார்த்தது, கேட்டபோது சரி என்றது, கொளுத்தியது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அப்ப நான் போட்டது?"

"எல்லாம் சரி. ஒண்ணுகூட தப்பில்ல. நீ சொன்ன மாதிரியே அது ஒடையாத நம்பரு."

தலையை ஆட்டினாள். "எங்க நைனா சாவறப்போகூட என் பசங்கள கூப்ட்டு, உங்கம்மா மாதிரி பொய்க்கணக்கு எழுதாம ஒழுங்கா படிங்கடான்னு சொல்லிட்டுத்தான் செத்தாரு. ரெண்டு வருசம் ஆவுது. அவுரு இருக்கசொல்ல வந்திருக்கலாம் நீ."

மன்னித்துக்கொள் என்று வாய் வரை வந்தது. அந்த மன்னிப்பைக் கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

"சாரு குடுத்த நம்பரு இன்னா?" என்றாள்.

பையிலிருந்து பேனாவும் தாளும் எடுத்து எழுதப் போனேன். என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ எழுதாத. நீ சொல்லு. நான் எழுதிக்கிறேன்."

தாளையும் வாங்கவில்லை. இடது உள்ளங்கையை விரித்துக்கொண்டாள். மருந்துத் தண்ணீரில் துணி பிழிந்து பிழிந்து தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாலு, ரெண்டு, ஒம்போது, நாலு, ஒம்போது, ஆறு, ஏழு, ரெண்டு.

"இரு" என்றாள். "கடசி ரெண்டும் நெதானமா சொல்லு."

"ஒம்போது. ஏழு."

எழுதிக்கொண்டாள். இடது ஓரத்தில் அவளாகவே 641 என்று எழுதினாள். நான் சொல்லவில்லை, அவள் மறக்கவில்லை. ஆறு போட்டாள், கழித்தாள், ஏழு போட்டாள், இரண்டு பூஜ்யம் போட்டாள். கணக்கு மணிக்கட்டு வரைக்கும் இறங்கியது. கடைசியில் 4487 வந்தது. அதன் கீழே இன்னொரு 4487 எழுதிக் கோடு போட்டு, பூஜ்யம் வைத்தாள்.

பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை. அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு நிமிசங்கூட ஆவலியேடி" என்றாள்.

பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளங்கையைச் சாம்பல் நிறக் கோட்டுத் துணியில் அழுத்தித் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.